அம்மாவின் இடுப்பில் இருந்த பொருக்கு

அன்பு நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன செய்திக்கு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பெருங்குடி ஆபீசுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, ஷாலினியும் பாப்பாவும் நீயுமாகக் கோட்டூர்புரம் வீட்டுக்கே வந்துவிடுகிறோம், இனிமேல் உனக்கென்று தனியாக உலை வைக்க வேண்டாம்ப்பா என்றாய். நான் "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னேன். போனை வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த பாவாடைக்கு நாடா கோத்து முடித்தேன். என்ன மனுஷன் இவன் என்று நீ நினைத்திருப்பாய். அம்மா போனதிலிருந்து எனக்கு எதுவும் சட்டென்று உள்ளே இறங்குவதில்லை. நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான். காதில் விழுகிறது, புரிகிறது, அதோடு நின்றுவிடுகிறது.

ஆனால் போனை வைக்கும் முன் நீ ஒன்று சொன்னாய். "அம்மா இருந்தப்போ வராதவன், இப்பவாச்சும் வரேன்ப்பா." அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அம்மா போனதற்கு நீ காரணம் இல்லை. நீ அன்றைக்கே கிளம்பி வராததும் காரணம் இல்லை. என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இதை உனக்கு எழுதினாலும் உனக்கு மட்டும் எழுதவில்லை. நீ படித்து முடித்ததும் நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடப் போகிறேன். அம்மாவின் காரியத்தன்று அத்தனை சொந்தக்காரர்கள் எதிரில் நீ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த அத்தனை பேரும் இதைப் படிக்க வேண்டும்.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் கிடந்த அணில் குட்டியைப் புத்தகப் பைக்குள் போட்டு எடுத்து வந்தாய். அதற்கு அப்போதுதான் கண் திறந்திருந்தது. அம்மா பஞ்சைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். என் தையல் கடையில் மிஞ்சிய வெல்வெட் துண்டில்தான் அணில் துரை தூங்கினார். கொஞ்ச நாளில் தேறி, தோள்மேல் ஏறி விளையாடி, ஒரு நாள் உன் சுண்டுவிரலைக் கடித்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்தான். நான் மஞ்சள் பொடியை அப்பிவிட்டு, ராமர் முதுகைத் தடவிக்கொடுத்த ஜீவன்டா அது, அது கடித்தால் ஒன்றும் ஆகாது என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உன்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், நான் அப்பிய மஞ்சளை வழித்தெறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் தேய்த்துக் கழுவினாள். நீ போட்ட கூச்சலில் மேல் மாடிக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்படியே ஈரக் கையோடு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எங்கே கிடைத்த அணில், எத்தனை நாளாக வீட்டில் இருக்கிறது, எந்த விரல், எத்தனை மணிக்குக் கடித்தது என்று டாக்டர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள் என்று நீயே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அடுத்த ஊசிக்குப் போக வேண்டிய நாள்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். அணிலுக்கும் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று நான் கேலி செய்தேன். "உனக்கு இன்னாய்யா தெரியும், வாய் கீதுன்னு பேசுற" என்றாள். பிள்ளைக்கு ஒன்று என்றால் வெட்கம், கூச்சம் எதுவும் பார்க்காமல் நாலு பேர் எதிரில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவள் அவள். தனக்கு ஒன்று என்றால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள்.

அடுத்து மூஞ்சூறு. இந்த வீட்டில் நீ இருந்த வரைக்கும் அது எப்போதோ ஒரு தடவை வந்து போகும். நீ வேலைக்காகப் புனேவுக்குப் போன பிறகு அது குடும்பத்தோடு வந்துவிட்டது. சமையல்கட்டில் கழுநீர்த் தொட்டிக்குக் கீழே குழாய் வெளியே போகிற இடத்தில் ஒரு பொத்தல் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் வழியாக வரும், சுவரோரமாகவே ஓடும், கீச் கீச்சென்று கத்தும், அது போன பிறகும் அந்த வாடை அரை நாள் நிற்கும். அந்தப் பொத்தலை சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லி அம்மா என்னிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று எனக்கே கணக்கு இல்லை. நான் அடைக்கவில்லை. பிள்ளையாரின் வாகனம், தானாக வீடு தேடி வருகிறது, அதன் முகத்தில் அடித்தாற்போல் வழியை அடைப்பார்களா என்பேன். மூஞ்சூறு நடமாடினால் வீடு விளங்கும் என்று என் அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டதும் நாலு சுண்டலை அந்தப் பொத்தல் ஓரமாகப் போட்டுவைப்பேன். கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும், உனக்குத்தானே நல்லது என்று அம்மாவிடம் சட்டம் வேறு பேசுவேன். "உன் சாமியோட வண்டி என் அரிசி டின்னு மேல மூத்திரம் வுட்டு வச்சிகீது, அத்த யாரு கழுவுறது, உன் சாமியா?" என்று கேட்டாள் ஒரு நாள். நான்தான் கழுவினேன், சிரித்துக்கொண்டே. பொத்தலை மட்டும் அடைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்ட் சுவர் வரைக்கும் இருக்கிற அந்தத் துண்டு இடத்தைத்தான் மூஞ்சூறு குடியிருப்பாக்கிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. மழை விட்டால் போதும், இந்தப் பக்கம் புல்லும் நாயுருவியும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். அதன் நடுவில்தான் நான் கடையிலிருந்து கொண்டுவருகிற வெட்டுத்துணி மூட்டைகளைப் போட்டு வைத்திருந்தேன். அதுவும் என் வேலைதான். தூக்கிப் போட மனசு வராது. அம்மா அந்தத் துணிகளைப் பின்னிக் கால்மிதி செய்வாள், அதில் ஒன்று உன் புனே வீட்டு வாசலிலும் கிடந்தது. மூட்டைக்குள் மூஞ்சூறு குட்டி போட்டிருக்கிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வந்து சொன்னாள். பாவம், குட்டிகள் பெரிசாகட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று சொன்னவன் நான். மார்கழி மாசம், குளிருக்கு இதமாக இருக்கிறது என்று காலை வெயிலில் அந்தப் புல் மேலேயே உட்கார்ந்து அவள் துணி பிரிப்பாள். தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டு, எஃப்.எம்.மில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கடைக்குக் கிளம்பும்போது அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள் புடவைக் கொசுவத்தைச் செருகாமல் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "இத்த பாருய்யா, நாடா கட்ற எடத்துல இன்னாவோ கீது." வலது இடுப்பில், கொஞ்சம் பின்பக்கமாக, சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பொருக்கு. நல்ல கறுப்பு. சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம். பீடி நெருப்பு பட்ட இடம் காய்ந்தால் இருக்குமே, அந்த மாதிரி. வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். அரிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "அதுவும் இல்ல. அதான் உன்ன கேக்குறேன்" என்றாள்.

நைனா, தி.நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்சந்தில் முப்பது வருஷமாக நான் ஜாக்கெட்டும் உள்பாவாடையும் தைக்கிறேன். நாடா இறுக்கிக் கட்டி இடுப்பில் புண் வந்துவிட்டது என்று சொல்லாத பெண்பிள்ளை கிடையாது. கறுத்துப்போய்விட்டது, எரிகிறது, வியர்வை பட்டால் அரிக்கிறது என்பார்கள். நான் அதற்கென்றே நாடாவை மாற்றி, பட்டையை அகலமாக வைத்துத் தைத்துக் கொடுப்பேன். உடம்புக்கு இதமாக இருக்கிறது மாஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதனால் அம்மாவின் இடுப்பைப் பார்த்ததும் டாக்டர் ஆகிவிட்டேன். நாடா உரசின புண்தான் என்றேன். நாடாப் புண் எரியும், அரிக்கும். இது எரியவும் இல்லை, அரிக்கவும் இல்லை. அந்த நிமிஷமே எனக்கு அது உறைத்தது. உறைத்ததை ஒதுக்கிவிட்டேன். ஏனென்றால் அந்தப் பாவாடையும் நான் தைத்ததுதான். ஊருக்கெல்லாம் பதமாகத் தைக்கிறவன் பெண்டாட்டிக்குப் புண் வரும்படி தைத்துவிட்டேனே என்ற வெட்கம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அன்று சாயங்காலத்துக்குள் கடையில் எல்லா வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, நாலு விரல் அகலத்துக்கு மெத்தென்று பட்டை வைத்து ஒரு பாவாடை தைத்துக் கொண்டுவந்தேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். மேல் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிறது என்றாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தெருமுனை கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, மூன்று நாளில் விடவில்லை என்றால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள்தான் அவள் உன்னோடு போனில் பேசினாள். இப்போ எல்லாருக்கும் வர்ற வைரல்தாம்மா, நல்லா ரெஸ்ட் எடு, பொங்கலுக்கு வரேன் என்று நீ சொன்னாய். அந்த வார்த்தையைத்தான் நீ இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய். அன்றைக்கு அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்த சமயம் அது. நீ அந்தப் பொருக்கைப் பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தேன்.

ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் கிளினிக்குக்குப் போனோம். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. டாக்டர் சின்னப் பையன், உன் வயசுதான் இருக்கும். சீட்டை இரண்டு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உடம்புல எங்கயாவது புண்ணு, பூச்சி கடிச்ச மாதிரி தழும்பு, கறுப்பா பொருக்கு ஏதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அப்படியே என் காதில் இருக்கிறது. அது திரை மட்டும் போட்ட சின்ன அறை. வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை அது. இடுப்பைத் திறந்து காட்டச் சொல்வாரே என்று எனக்கு ஓடியது. இது எப்படி வந்தது என்று கேட்டால் நான் தைத்த பாவாடையால் என்று சொல்ல வேண்டுமே என்றும் ஓடியது. "அப்டி ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் சொன்ன பதிலை வைத்துத்தான் அவர் எழுதினார்.

எட்டாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸம்மா உடை மாற்றும்போது அந்தப் பொருக்கைப் பார்த்துவிட்டு லேடி டாக்டரைக் கூப்பிட்டார். அவர் குனிந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இது எத்தனை நாளா இருக்கு என்று கேட்டார். கேள்வி என்னைப் பார்த்துத்தான். ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் விலக்கிவிட்டு அம்மாதான் பதில் சொன்னாள். "எனக்கே தெரியாதும்மா. நான் பாக்கல." என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவள் சொன்ன பொய் அது. அந்த மூச்சிலும் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு விளக்கினார். ஸ்க்ரப் டைபஸ் என்று ஒரு காய்ச்சல். எலி, மூஞ்சூறு மாதிரியான ஜீவன்கள் நடமாடுகிற புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி இருக்கும், அது அந்த ஜீவன்கள் மேல் ஒட்டிக்கொண்டு வாழும், மனுஷர் போய் உட்கார்ந்தால் ஏறிக் கடிக்கும். கடித்தது தெரியாது. வலிக்காத, அரிக்காத கறுப்புப் பொருக்காக நிற்கும். இடுப்பில் துணி இறுகுகிற இடம், அக்குள், தொடை இடுக்கு என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் கடிக்கும். அதற்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். சாதாரண மாத்திரைதான், எல்லா மருந்துக் கடையிலும் இருக்கும், நாலு நாள் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா வீட்டுலயே சரியாயிருக்கும் என்றார். அவர் திட்டக்கூட இல்லை. அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

மருந்து ஏற்றினார்கள். நுரையீரலும் சிறுநீரகமும் அதற்குள் கெட்டுவிட்டிருந்தன. அன்று மத்தியானம் என்னை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். "புள்ள கிட்ட சொல்லாத. உன்ன திட்டுவான்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். மறுநாள் நீ விமானத்தில் வந்து இறங்கியபோது அவளுக்குக் குழாய் வைத்திருந்தார்கள், பேச முடியவில்லை. அதற்கடுத்த நாள் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கடையைத் திறந்தேன். தைக்கிறேன், சாப்பிடுகிறேன், பேப்பர் படிக்கிறேன். அவள் இல்லாதது எனக்குத் தெரிகிறது, ஆனால் மரத்துப்போன கையில் ஊசி குத்தினது போலத்தான் தெரிகிறது. அந்தக் காரியத்தன்று அம்மாவின் அண்ணன், உன் கொட்டிவாக்கம் மாமா, எல்லோர் எதிரிலும் உன்னைக் கேட்டார். காய்ச்சலில் கிடந்த தாயை வந்து பார்க்காமல் போனிலேயே வைரல் என்று வைத்தியம் சொன்ன பிள்ளை நீ என்றார். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், நானும் பேசவில்லை. அம்மாதான் சொல்லக் கூடாது என்றாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை நீ திட்டக் கூடாது என்பதற்காக அவள் சொன்னாள். உன்னை மற்றவர்கள் திட்டட்டும் என்று அவள் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் அவள் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நீ போன் செய்த மறுநாள் காலையில் கொட்டிவாக்கத்துக்குப் போனேன். மாமா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. "இத்த அந்தப் பையன் கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அன்னிக்கு அவன நான் அத்தினி பேரு எதிர்ல கேட்டேன். நீ பக்கத்துல குந்திக்கினு தான இருந்த?" என்றார். ஆமாம் என்றேன். "போ. மொதல்ல அவனுக்கு சொல்லு. அப்பால எங்கூட்டுப் பக்கம் வா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் உன்னோடு பேசுவார் என்று நினைக்கிறேன். அவர் பேசினால் நீ பேசு, அவருக்கும் தங்கச்சி போன வருத்தம்தான்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பாப்பா தவழப் போகிற வீடு. அந்தப் பொத்தலைக் கண்ணாடித் தூள் கலந்த சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டேன். அம்மா போன மூன்றாம் வாரமே அடைத்தேன், அது யாருக்கும் பிரயோசனம் இல்லாத காரியம். புல்லை ஆள் வைத்து மொட்டையாக வெட்டியாயிற்று, மாசம் ஒரு தடவை வெட்டுகிறேன். துணி மூட்டை எதுவும் இப்போது வீட்டில் இல்லை. மூஞ்சூற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது பாட்டுக்கு அது பிழைத்துக்கொண்டிருந்தது, சுண்டல் வைத்து வரவேற்றவன் நான். பிள்ளையாரை இப்போதும் கும்பிடுகிறேன், வாகனத்தை வெளியிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டேன். அரிசி, பருப்பு எல்லாம் இறுக்கி மூடுகிற எவர்சில்வர் டின்னில் இருக்கிறது. சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், ஷாலினியிடம் மட்டும் சொல்லாதே, நீயும் கழுவு. மழைத் தண்ணீர் தேங்கினால் வெறுங்காலோடு இறங்காதே, எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிற காய்ச்சல் ஒன்று தனியாக இருக்கிறது. செத்த எலியை வெறுங்கையால் எடுக்காதே. அணில் கடித்த கொய்யாதான் இனிக்கும் என்று உனக்கு நான் ஊட்டிவிட்டிருக்கிறேன், அந்த மாதிரிப் பழத்தைப் பாப்பாவுக்கு நீ கொடுக்காதே. அவளும் ஒரு நாள் ஏதாவது குட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவாள், உன் பிள்ளை அல்லவா. கடித்தாலும் கீறினாலும் உன் அம்மா செய்ததைச் செய். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கால் மணி நேரம் கழுவு, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

பாப்பாவைக் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பில், தொடை இடுக்கில் தினமும் பார்க்கச் சொல். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் எலி வருகிறது, பின்னால் புதர் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷாலினிக்குக் கூச்சமாக இருந்தால் லேடி டாக்டரிடம் கூட்டிப் போ. அவள் உன்னைப் பார்த்து, சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்கிற நிலைமை மட்டும் வரக் கூடாது. எதைச் சொன்னாலும் என் புருஷன் முகம் கோணமாட்டான் என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் உன் அம்மாவுக்கு நான் அந்தத் தைரியத்தைக் கொடுக்கவில்லை.

இதைப் படித்த பிறகு இந்த வீட்டுக்கு வருவதா, வேறு வீடு பார்ப்பதா என்று நீயும் ஷாலினியும் பேசி முடிவு செய்யுங்கள். பெருங்குடிப் பக்கமே எடுத்தாலும் சரிதான், உனக்கு அலைச்சல் குறையும். கோபித்துக்கொள்ள எனக்கு முகம் கிடையாது. என்னோடு கொஞ்ச நாள் பேசவேண்டாம் என்று தோன்றினால் பேசாதே.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்த மூன்றாம் நாள் உன்னோடு பேசிவிட்டு அம்மா போனை என்னிடம் கொடுத்தாள். "புள்ள பேசிச்சுய்யா. பாதி ஜொரம் எறங்கிப் போச்சு" என்றாள். எழுந்து உட்கார்ந்து, அதுவரை வேண்டாம் என்று தள்ளிவைத்திருந்த கஞ்சியை வாங்கி ஒரு டம்ளர் குடித்தாள். அம்மா என்மேல கோச்சுக்கிட்டே போயிட்டாங்களாப்பா என்று இந்த இரண்டு வருஷத்தில் நீ என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு இது ஞாபகம் வரும், ஒவ்வொரு தடவையும் சும்மா இருந்துவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால், அப்போ யார்மேலப்பா என்று நீ அடுத்துக் கேட்பாய் என்று பயந்தேன்.

அப்பா